பிள்ளையின் மலத்தில் இரத்தம்: பொறுப்பதா, தாய் பசுப்பாலை நிறுத்துவதா, இரத்தம் சோதிப்பதா?

ஒன்றரை மாதப் பிள்ளை. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறது. நிறை ஒழுங்காகக் கூடுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது, காய்ச்சலும் இல்லை, சத்தியும் இல்லை. ஒரு காலையில் துணி மாற்றும்போது மஞ்சள் மலத்தோடு வழுவழுவென்று சீதம், அதற்குள் சிவப்பு நூல் போல இரண்டு கீற்று.

அன்று மத்தியானத்துக்குள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். அம்மம்மா மாந்தம் என்று வசம்பு சுட்டு உரைக்கப் பார்ப்பார். மாமிக்கு அது கிரந்தி. கனடாவிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் எடுத்து, “பால், முட்டை, மீன், கச்சான் எல்லாத்தையும் நிப்பாட்டு” என்பார். தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் அலர்ஜிக்கு இரத்தம் சோதிக்கும் லாப் ஒன்றின் நம்பரை அனுப்புவார். இன்னொருவர், தாய்ப்பாலே ஒத்துக்கொள்ளவில்லை, மாப்பால் கொடு என்பார். இத்தனை பேருக்கும் நடுவில் முடிவெடுக்க வேண்டியவள், பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒழுங்காக நித்திரை கொள்ளாத தாய். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வன்னியில் இந்த முடிவுக்குள் தூரமும் வந்து நிற்கிறது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ யாழ்ப்பாணம் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். தகப்பனின் ஒரு நாள் கூலி போகும். கைப்பிள்ளையோடு பஸ் மாறி மாறி ஏற வேண்டும். எதற்காக அந்தப் பயணத்தைப் போகத்தான் வேண்டும், எதற்குப் பக்கத்து கிளினிக்கே போதும் என்று தெரிந்திருந்தால் பணமும் மிஞ்சும், பயமும் குறையும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கும் பிள்ளையின் மலத்தில் இப்படி இரத்தம் தெரிந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை தாயின் சாப்பாட்டில்தான் நடக்கிறது. சந்தேகப்பட்ட உணவை நிறுத்திப் பார்க்க வேண்டும், பிறகு திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது சோதனை. எங்கள் பக்கத்தில் முதல் பாதியைச் செய்துவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள்.

பொறுக்கக் கூடாத நேரம்

பச்சை நிறத்தில் சத்தி எடுத்தால், வயிறு ஊதிக் கல்லுப் போல இருந்தால், காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், வெளிறித் துவண்டு கிடந்தால், வழக்கத்தைவிடச் சலம் நன்றாகக் குறைந்துவிட்டால், இரத்தம் கீற்றாக இல்லாமல் கட்டியாகவோ நிறையவோ போனால், உணவு ஒவ்வாமை பற்றிய பேச்சே வேண்டாம். விட்டுவிட்டு வீரிட்டு அழுது, காலை மடக்கி, இடையில் சோர்ந்து, சிவப்பு ஜாம் போல மலம் போனால் குடலின் ஒரு பகுதி மற்றப் பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும், மணிக்கணக்கில் பிந்தினால் ஆபத்து. பிறந்து சில கிழமைகளே ஆன பிள்ளைக்குத் தொப்புளிலோ மூக்கிலோ சேர்ந்து இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயப்படத் தேவையில்லாத காரணங்களும் உண்டு. மலவாசலில் சிறு வெடிப்பு இருந்தால் மலத்தின் வெளிப்பக்கத்தில் பளிச்சென்ற சிவப்பாக ஒட்டியிருக்கும். தாயின் முலைக்காம்பு வெடித்திருந்தால் அந்த இரத்தத்தைப் பிள்ளை பாலோடு விழுங்கியிருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுளைவு இருந்தால் கிருமித் தொற்றை நினைக்க வேண்டும், அதற்கு மலப் பரிசோதனை உதவும். இவற்றையெல்லாம் கிளினிக்கில் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பார்த்தே பெரும்பாலும் பிரித்தறியலாம்.

ஒரே பெயருக்குள் மூன்று நோய்கள்

உணவிலுள்ள புரதத்துக்குக் குடல் எதிர்ப்புக் காட்டுவது மூன்று விதமாக வரும். எதைத் தெரிவு செய்வது என்பது அது எந்த விதம் என்பதில் தங்கியிருக்கிறது.

முதலாவது, மேலே சொன்ன ஒன்றரை மாதப் பிள்ளையுடையது. பெருங்குடலின் கடைசிப் பகுதி மட்டும் அழற்சியடைந்து, சீதமும் இரத்தக் கீற்றும் வரும். பிள்ளை மற்றப்படி நலம். மூன்றிலும் மிகப் பரவலானதும் மிக இலேசானதும் இதுதான். பெரும்பாலும் பசுப்பால் புரதமே காரணம். தாய் குடித்த பாலின் புரதம் சிறிதளவு தாய்ப்பாலுக்குள் வருகிறது.

இரண்டாவதில் சிறுகுடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். கிழமைக்கணக்கில் வயிற்றோட்டம், நிறை ஏறாமை. மாப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வரும். இதைக் காட்டிக்கொடுப்பது கிளினிக் கொப்பியிலுள்ள வளர்ச்சிக் கோடு. கோடு தட்டையாகப் போனாலோ கீழே திரும்பினாலோ வீட்டில் எந்தப் பரீட்சையும் செய்யாமல் குழந்தை நல வைத்திய நிபுணரிடம் போக வேண்டும். குடலுக்குள் கமரா விட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது தேவைப்படுவது இங்கேதான்.

மூன்றாவது திடீரென்று வருவது. சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்பத் திரும்பச் சத்தி, வெளிறல், துவளல். வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக எஃப்பைஸ் என்பார்கள். அதற்குக் கீழே தனியாக வருகிறேன், ஏனென்றால் அங்கே முடிவெடுக்கும் முறையே வேறு.

பொறுத்துப் பார்த்தல்

கேட்டதும் பொறுப்பில்லாத பேச்சுப் போலத் தெரியும். ஆனால் முதலாவது விதத்துக்கு இது மரியாதையான தெரிவு. பின்லாந்தில் மலத்தில் இரத்தம் போன 40 பிள்ளைகளை முறையாக ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். பசுப்பால் ஒவ்வாமை என்று உறுதியானது அவர்களில் 18 வீதமானவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது தானாக வந்து தானாகப் போனது. அப்படியிருக்க, இரண்டு கீற்றைப் பார்த்தவுடன் தாயின் கோப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நியாயமில்லை.

வைத்தியர் ஒருமுறை பார்த்து, பிள்ளை நலம், நிறை சரி, வெடிப்போ தொற்றோ இல்லை என்று சொன்னபின் இரண்டு மூன்று கிழமை எதையும் மாற்றாமல் கவனிக்கலாம். குறையும் உண்டு. இரத்தம் தொடர்ந்து போனால் பிள்ளைக்கு இரத்தச்சோகை வரலாம். துணியில் சிவப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் பல தாய்மாரால் முடியாது, அந்தப் பதற்றத்தில் பால் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்போதாவது ஒரு கீற்று என்றால் பொறுப்பதே சரி. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் வருகிறதென்றால் அடுத்ததற்குப் போகலாம்.

தாய் பசுப்பாலை நிறுத்தித் திரும்பத் தொடங்குதல்

நான் முதலிடம் கொடுக்கும் தெரிவு இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

செய்ய வேண்டியது, தாய் தன் சாப்பாட்டில் பசுப்பாலையும் அதிலிருந்து வருகிறவற்றையும் இரண்டு முதல் நான்கு கிழமை முழுவதுமாக நிறுத்துவது. பிள்ளைக்குத் தாய்ப்பால் அப்படியே தொடரும். பால்தான் காரணமென்றால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளிலேயே இரத்தம் குறையத் தொடங்கும், முழுதாக நிற்க இரண்டு கிழமை வரை எடுக்கலாம்.

‘முழுவதுமாக’ என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பால்தேத்தண்ணியை விட்டுவிட்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பார்கள், அதோடு தின்னும் பிஸ்கட்டில் பால்மா இருக்கும். தயிர், மோர், யோகட், ஐஸ்கிறீம், பட்டர், சீஸ், நெய் எல்லாம் இதற்குள் அடக்கம். மாஜரின், கேக், பணிஸ், சொக்லேட் பொதிகளின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆடு நிற்கிறதே, ஆட்டுப்பால் குடிக்கலாமா என்று கேட்பார்கள். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசுப்பாலை மிகவும் ஒத்தவை. பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அவையும் ஒத்துக்கொள்ளா. ஆகவே எருமைத்தயிரும் வேண்டாம்.

யாரும் நினைக்காத ஒன்று திரிபோஷா. பாலூட்டும் தாய்க்குக் கிளினிக்கில் கொடுக்கும் அந்தப் பொதிக்குள் சோளம், சோயாவோடு பால்மாவும் இருக்கிறது. சத்துமா என்று நினைத்து நாள்தோறும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டே, “பாலை விட்டும் இரத்தம் நிக்கேல்லை” என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. சோதனைக் காலத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். ஏன் என்று மிட்வைவுக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவருடைய பதிவில் அது இருக்கட்டும்.

தேங்காய்ப்பாலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொதியும் பாற்கஞ்சியும் தேங்காய்ப்பாலில் செய்வதென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். காயச் சரக்குக் கறி, சுறா வறை, பத்தியச் சாப்பாடு எதையும் விடத் தேவையில்லை.

வீட்டில் முதல் எதிர்ப்பு மாமியிடமிருந்து வரும். “பால் குடிச்சாத்தானே பிள்ளைக்குப் பால் சுரக்கும்?” தாய்ப்பால் சுரப்பது பிள்ளை உறிஞ்சுவதால். தாய்க்கு வேண்டியது போதிய சாப்பாடும் தண்ணீரும். கல்சியம் பற்றி மாமி கேட்டால் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை இவற்றைக் கூட்டுங்கள். அதற்கு மேல் கல்சியக் குளிசை வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு இது வந்தபோது குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரையே பதிவேடாக்கினோம். இரத்தம் கண்ட நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி, காணாத நாளில் ஒன்றுமில்லை. தாய் வெளியில் எங்காவது சாப்பிட்டால் அந்த நாளின் கட்டத்துக்குள் என்ன சாப்பிட்டாள் என்று இரண்டு சொல். ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்வந்த மறுநாளில் திரும்ப ஒரு புள்ளி விழுந்திருந்தது, அதற்கு முந்திய கட்டத்தில் ‘கேக்’ என்று எழுதியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் வைத்தியர் வேறு கேள்வியே கேட்கவில்லை, எப்போது பாலைத் திரும்பத் தொடங்குகிறீர்கள் என்றுதான் கேட்டார்.

அந்தத் திரும்பத் தொடங்குவதுதான் விடுபடும் பாதி. இரத்தம் நின்றதும், “கண்டுபிடிச்சாச்சு, பால்தான்” என்று வீடு முடிவுகட்டிவிடும். ஆனால் பின்லாந்துப் பிள்ளைகளைப் போல அது தானாக நின்றிருக்கலாம். பால் நிறுத்திய நேரமும் இரத்தம் நின்ற நேரமும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். ஆகவே இரண்டு முதல் நான்கு கிழமை கழித்து, பிள்ளை நலமாக இருக்கும்போது, தாய் வழக்கம்போலப் பால்தேத்தண்ணியும் தயிரும் எடுக்கத் தொடங்க வேண்டும். பால் காரணமென்றால் பெரும்பாலும் சில நாளுக்குள்ளேயே இரத்தம் திரும்பத் தெரியும், ஒரு கிழமை கவனித்தால் போதும். திரும்பி வந்தால் நோய் உறுதி. திரும்ப நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை அப்படியே போகலாம், இடையில் எப்போது மறுபடி முயல்வது என்று வைத்தியர் சொல்வார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதோடு இது மாறிவிடும். திரும்பி வரவில்லையென்றால் பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை இல்லை, தாய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

“நின்ற இரத்தத்தை நாங்களே திரும்ப வரவைப்பதா?” என்று தகப்பன்மார் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் விட்டால் தாய் மாதக்கணக்கில் காரணமில்லாமல் பத்தியம் இருப்பாள். பிள்ளை ஆறு மாதத்தில் சாப்பிடத் தொடங்கும்போது அதற்கும் பால், தயிர் மறுக்கப்படும். பிறகு பாலர் பாடசாலையில் ‘அலர்ஜிப் பிள்ளை’ என்ற பெயர். தேவையில்லாமல் ஓர் உணவை நீண்டகாலம் விலக்கி வைப்பதே பின்னாளில் உண்மையான, உடனே தாக்கும் ஒவ்வாமைக்கு வழிசெய்யலாம் என்றும் ஒவ்வாமை வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். திரும்பி வருவது ஓரிரு கீற்றுத்தான், உடனே நிறுத்திவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. பால் பட்டதும் தடிப்போ, முக வீக்கமோ, மூச்சு இழுப்போ, துவண்டுபோகும் சத்தியோ வந்த பிள்ளைக்கு வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் வாட்ஸ்அப் ஆலோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். பால், முட்டை, மீன், கச்சான், சோயா, கோதுமை எல்லாம் போனபின் வன்னியில் ஒரு பாலூட்டும் தாய்க்குக் கோப்பையில் மிஞ்சுவது என்ன? சோறும் கீரையும். இரத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. முதலில் பால் மட்டும். இரண்டு மூன்று கிழமையில் மாற்றமே இல்லையென்றால் பாலைத் திரும்பத் தொடங்கிவிட்டு, அடுத்து சோயாவா முட்டையா என்று வைத்தியரோடு பேசலாம். சோயாமீற் அடிக்கடி சமைக்கும் வீடு என்றால் அதைச் சொல்லுங்கள்.

மாப்பாலுக்கு மாறுதல்

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இது வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண மாப்பால் பசுப்பாலிலிருந்து செய்ததுதான். தாய்ப்பாலில் துளியளவு வந்த புரதம் இப்போது போத்தல் போத்தலாகப் போகும்.

ஏற்கெனவே மாப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் பேச்சு வேறு. அதற்குப் புரதத்தை நன்றாகச் சிதைத்துத் தயாரித்த விசேட மா தேவை. அதிலும் மாறாத சிலருக்கு அமினோ அமில மா. இரண்டும் விலை கூடியவை, சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பதும் இல்லை. வைத்தியர் எழுதித் தந்தபின் வாங்குங்கள், வாங்குமுன் எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். லக்டோஸ் இல்லாத மா இதற்கு மருந்தில்லை. லக்டோஸ் என்பது பாலின் சீனி, இங்கே பிரச்சினை புரதம், அது அந்த மாவிலும் அப்படியே இருக்கிறது. சோயா மாவை ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தெரிவாகக் கொடுப்பதில்லை.

இரத்தம் சோதித்தல்

பணம் போவது இங்கேதான் அதிகம். “எதுக்கும் ஒருக்கா சோதிச்சுப் பார்ப்பம்” என்ற மனநிலையைக் குறைசொல்ல முடியாது. அச்சடித்த ரிப்போட் கையில் இருந்தால் ஒரு தெம்பு. ஆனால் அந்த ரிப்போட் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லாப்பில் அலர்ஜிச் சோதனை என்று செய்வது பெரும்பாலும் ஐ.ஜி.ஈ என்ற எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. தோலில் ஒரு துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையும் அதையேதான் தேடுகிறது. இறால் சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடிப்பு வருகிறவருக்கு அது பயன்படும். நாம் பேசும் குடல் நோய்கள் மூன்றிலும் அந்த ஐ.ஜி.ஈக்குப் பங்கில்லை, வேறு வழியாக வருபவை. அதனால் பால்தான் காரணமாக இருந்தாலும் ரிப்போட் சுத்தமாக வரும். அதைப் பார்த்துவிட்டு, “பாலில் பிரச்சினை இல்லை” என்று வீடு முடிவெடுத்தால் பிள்ளைக்கு நட்டம். மறுபக்கம், நோயோடு தொடர்பில்லாத ஏதோ ஓர் உணவுக்கு இலேசாக அளவு கூடியிருந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

ஐ.ஜி.ஜி என்று நீண்ட உணவுப் பட்டியலோடு விற்கப்படும் சோதனை இன்னும் மோசம். ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும், ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டாது. ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

இரத்தத்தில் பார்க்கத் தகுந்தது ஒன்றிருக்கிறது, ஹீமோகுளோபின். இரத்தம் கனநாள் போயிருந்தால் சோகை வந்திருக்கிறதா என்று அறிய அது வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். பிள்ளைக்குத் தோலில் கடும் கரப்பானோ உடன் தடிப்போ சேர்ந்திருந்தால் வைத்தியரே ஐ.ஜி.ஈயும் கேட்கலாம், அது வேறு கேள்விக்கான பதில்.

கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது முதலாவது விதத்துக்கு அநேகமாகத் தேவைப்படாது. நிறுத்தியும் மாறாத, நிறையப் போகும், நிறை ஏறாத பிள்ளைக்கு மட்டும். அந்த நிலை வந்தால் யாழ்ப்பாணப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், தேவைப்பட்டால் கொழும்பு றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

சோறு தீத்தும் காலத்தில் வரும் மற்றது

ஆறு மாதம் முடிந்து, கோயிலில் சோறு தீத்தி, வீட்டில் குழைசாதம் தொடங்கியாயிற்று. காலை பத்து மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை பன்னிரண்டரைக்குச் சத்தி எடுக்கிறது. ஒருதரம் இரண்டுதரம் இல்லை, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாதபோதும் ஓங்காளிக்கிறது. முகம் வெளிறி, கையும் காலும் துவண்டு, கூப்பிட்டாலும் கண்ணை முழுதாகத் திறக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிச் சில மணித்தியாலத்தில் பிள்ளை எழுந்து விளையாடுகிறது. பின்னேரமோ இரவோ வயிற்றோட்டமும் போகலாம்.

மேலே சொன்ன எஃப்பைஸ் இதுதான். இதைக் கிருமித் தொற்று என்று நினைப்பது இயல்பு. இரத்தம் சோதித்தால் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும், அதுவும் தொற்றைப் போலவே காட்டும். அன்ரிபயோட்டிக் கொடுப்பார்கள், பிள்ளையும் சுகமாகிவிடும், ஏனென்றால் அந்த உணவு வயிற்றைவிட்டுப் போய்விட்டது. ஒரு கிழமை கழித்துத் திரும்பச் சோறு, திரும்ப அதே மணிக்கணக்கு. அமெரிக்க வைத்தியர் ஜெரல்டீன் பவல் 1978இலேயே பாலும் சோயாவும் இப்படிச் செய்வதை விவரித்திருந்தார். ஆனாலும் இதைக் கண்டறிந்து மருத்துவம் செய்வதற்குச் சர்வதேச வழிகாட்டி வந்தது 2017இல்தான்.

பால், சோயாவுக்கு அடுத்ததாகப் பல நாடுகளில் அரிசியே முக்கியமான காரணம். ஸ்பெயின், இத்தாலி போன்ற இடங்களில் மீன். சோறும் மீனும் முதல் உணவாகும் எங்கள் ஊரில் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஊட்டுவது நல்ல உணவு என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

இங்கே ஒப்பிட வேண்டியது இரண்டு வழிகள். ஒன்று, நடந்ததை ஒழுங்காகச் சொல்லி அதிலிருந்தே கண்டறிதல். மற்றது, ஆஸ்பத்திரியில் அந்த உணவைக் கொடுத்துப் பார்த்தல். ஐ.ஜி.ஈ ரிப்போட் இங்கும் கைகொடுக்காது.

சொல்வதிலிருந்து கண்டறிவதற்கு 2017 வழிகாட்டி தெளிவான வரையறை தருகிறது. சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் சத்தி, அதோடு தோல் தடிப்போ மூச்சுத் திணறலோ இல்லாமை, இது அடிப்படை. இதற்கு மேல் சில துணை அறிகுறிகளில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்: அதே உணவுக்கு இரண்டாம் முறையும் வந்தது, வேறோர் உணவுக்கும் வந்தது, கடும் சோர்வு, வெளிறல், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது, சேலைன் ஏற்ற வேண்டி வந்தது, ஒரு நாளுக்குள் வயிற்றோட்டம், இரத்த அழுத்தம் இறங்கியது, உடம்பு குளிர்ந்தது. பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை தாய் வாயால் சொல்லக்கூடியவை. சாப்பிட்ட நேரமும் முதல் சத்தி எடுத்த நேரமும் எழுதியிருந்தால், துவண்டு கிடந்ததைப் போனில் பத்து விநாடி எடுத்திருந்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரியின் குழந்தை நல வைத்தியருக்கு அதுவே போதும்.

ஒருமுறை மட்டும் வந்து, உணவு எது என்று சந்தேகம் இருந்தால்தான் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அதை வீட்டில் செய்யவே கூடாது. ஆஸ்பத்திரியில், பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்குப் பெரும்பாலும் 0.3 கிராம் புரதம் என்று கணக்கிட்டு, மூன்று பங்காக அரை மணித்தியாலத்தில் கொடுத்து, நான்கு முதல் ஆறு மணித்தியாலம் பார்த்திருப்பார்கள். சேலைன் ஆயத்தமாக இருக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சத்தியை நிறுத்த ஒன்டான்செற்றோன் ஊசியும் போடுவார்கள். பிள்ளை இதிலிருந்து மீண்டுவிட்டதா என்று பின்னாளில் பார்ப்பதும் இதே முறையில்தான், கடைசியாக வந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் மாறிவிடும்.

அரிசி என்று உறுதியானால் கஞ்சி, இடியப்பம், அரிசிமாப் புட்டு எல்லாம் அதற்குள் வரும். ஓட்ஸ் கொடுத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள், அரிசிக்கு வந்த பிள்ளைக்கு ஓட்ஸுக்கும் வருவதுண்டு. பூசணிக்காய் அவித்து மசித்துக் கொடுப்பதில் பயம் குறைவு. அடுத்து எந்தத் தானியம் என்பதை வைத்தியரோடு பேசித் தொடங்குங்கள். பால் அல்லது சோயா என்றால் பிள்ளைக்குக் கிடைக்கும் திரிபோஷாவும் நிற்க வேண்டும். அதோடு, வைத்தியர் கையெழுத்தோடு நோயின் பெயரையும் உணவின் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிவிடுங்கள். நடு இரவில் உங்களுக்குத் தெரியாத டொக்டர் ஒருவர் வாட்டில் நிற்கும்போது அந்த இரண்டு வரி சேலைனைச் சீக்கிரம் ஏற்றவைக்கும்.

ஓரிரு சத்தியோடு நின்று, பிள்ளை முழிப்பாக இருந்தால் தாய்ப்பாலும் ஜீவனியும் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டு பார்க்கலாம். துவண்டால் பொறுக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு முட்டையையும் மீனையும் ஒரு வயது வரை தள்ளிப்போட வேண்டும் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். இது அரிது. மிகப் பெரும்பாலான பிள்ளைகள் எல்லாவற்றையும் சாப்பிட்டு நன்றாக வளர்கிறார்கள். புதிய உணவைக் காலையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கொடுங்கள். பகலில் என்றால் நான்கு மணித்தியாலத்துக்குள் ஏதாவது வந்தாலும் வெளிச்சம் இருக்கும், ரோட்டில் வாகனமும் ஓடும்.